ஓட்டுப் போடாததைத் தெருவுக்கே சொன்ன கார்டு

நார்த் கரோலினாவில், ராலே பக்கம் குடியிருக்கும் 46 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் ஆறு பக்கம். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

2019-இல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். 2024 அக்டோபர் கடைசி வாரத்தில் தபால் பெட்டியைத் திறந்தால், மின்சாரக் கட்டணத்துக்கும் பீட்சா கூப்பனுக்கும் நடுவே ஒரு கெட்டி அட்டை. மேலே அவர் பெயர். கீழே அதே தெருவில் இருக்கும் ஆறு பேரின் பெயரும் கதவு எண்ணும். எதிரே 2020, 2022 என்று இரண்டு கட்டங்கள். கணவருக்கு இரண்டிலும் டிக். இவருக்கு 2020-இல் டிக், 2022-இல் ‘வாக்களிக்கவில்லை’. அடியில், தேர்தல் முடிந்ததும் புதுப் பட்டியல் அனுப்புவோம், உங்கள் அக்கம்பக்கத்தாரும் அதைப் பார்ப்பார்கள் என்று ஒரு வரி.

2022 இலையுதிர் காலத்தில் அவர் திருச்சியில் இருந்தார். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை. ஆனால் அந்த வருடம் உள்ளூர் தமிழ்ச் சங்கத்தில் ‘எல்லாரும் ஓட்டுப் போடுங்கள்’ என்று மேசை போட்டு உட்கார்ந்து படிவம் கொடுத்தவரே இவர்தான். வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ‘நான் வாக்களித்தேன்’ ஸ்டிக்கரோடு படம் போட, இவரும் 2020-இல் எடுத்த பழைய படத்தை எடுத்துப் போட்டுவிட்டார். கேட்டவர்களிடம், “கிளம்பறதுக்கு முன்னாடியே போட்டுட்டுத்தான் வந்தேன்” என்றும் சொல்லிவிட்டார். கணவரிடமும் அதையேதான். இரண்டு வீடு தள்ளி இருக்கும் தோழி பெயரும் அதே கார்டில் இருந்தது. அவர் கையிலும் ஒரு பிரதி. தீபாவளி விருந்தில் பாயசத்தை ஊற்றிக்கொண்டே, “என்னக்கா, 2022-இல நீங்க போடவே இல்லையாமே?” என்று சிரித்தபடி கேட்டாராம். “அந்தச் சிரிப்புக்குப் பதிலா அறைஞ்சிருக்கலாம்” என்று எழுதியிருக்கிறார் வாசகி.

2024-இல் போய் ஓட்டுப் போட்டார். “அந்தக் கார்டுக்குப் பயந்துதான் போனேன், அதுதான் எரிச்சல்” என்கிறார். கணவர் வழக்குப் போடலாம் என்கிறார். வாசகியின் கேள்விகள் ஐந்து: இது சட்டப்படி சரியா? யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பதும் தெரியுமா? அண்ணனுக்காகப் போட்டிருக்கும் குடியேற்ற மனுவை இது பாதிக்குமா? பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடலாமா? வழக்குப் போட முடியுமா?

கடைசிப் பக்கத்தில், பின்குறிப்பு போல ஒன்று: கூடவே இருக்கும் மாமனாருக்கும் (கிரீன் கார்டு வைத்திருப்பவர், இன்னும் அமெரிக்கக் குடிமகன் இல்லை) ஏதோ ஓர் அமைப்பிடமிருந்து, பெயரும் முகவரியும் அச்சடித்த வாக்காளர் பதிவுப் படிவம் வந்திருக்கிறது. “நம்மையும் கணக்கெடுக்கிறாங்க போல, அபராதம் கிபராதம் வரப்போகுது” என்று அவர் கையெழுத்துப் போட்டு, தபாலில் சேர்க்கச் சொல்லி ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் செருகி வைத்திருக்கிறார்.

முதலில் அந்த ஃபிரிட்ஜ் கதவு

அன்புள்ள வாசகிக்கு,

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, அந்தப் படிவத்தை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் ஆறு பக்கத்தில் ஐந்தரைப் பக்கம் கார்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கார்டு உங்கள் மானத்தைத்தான் தொட்டது, சட்டப்படி உங்களை ஒன்றும் செய்யாது. கிரீன் கார்டில் இருக்கும் ஒருவர் வாக்காளர் பதிவுப் படிவத்தில் ‘நான் அமெரிக்கக் குடிமகன்’ என்ற கட்டத்தில் டிக் செய்து கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கதை வேறு. அது பொய்யாகக் குடியுரிமை கோரியதாகிவிடும். குடியேற்றச் சட்டத்தில் அதற்கு மன்னிப்பு கிடைப்பது அநேகமாக நடக்காத காரியம்; நாடு கடத்தலுக்கே அது ஒரு காரணம். பதிவாகி, உண்மையிலேயே ஓட்டும் போட்டுவிட்டால் கூட்டாட்சிச் சட்டப்படி அது தனிக் குற்றம், ஓராண்டு வரை சிறை. நாளைக்கு அவர் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, இதற்கு முன் வாக்காளராகப் பதிந்தீர்களா, வாக்களித்தீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள். ‘தெரியாமல் செய்தேன், தபாலில் வந்தது’ என்பது உண்மையாகவே இருந்தாலும், அதைச் சொல்லிப் புரியவைக்க வக்கீல் வேண்டியிருக்கும்.

இந்தப் படிவங்களை அனுப்பும் அமைப்புகள் முகவரிப் பட்டியல்களை மொத்தமாக வாங்கி அச்சடித்து அனுப்புகின்றன. யார் குடிமகன் என்று அவர்கள் சரிபார்ப்பதில்லை. செத்தவருக்கு வந்திருக்கிறது, வீட்டு நாய்க்கும் வந்திருக்கிறது. பெயர் அச்சாகி வந்ததால் அரசாங்கம் கூப்பிடுகிறது என்று மாமனார் நினைத்ததில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. நம் ஊரில் பெயர் போட்டு வீடு தேடி வரும் காகிதத்துக்கு அப்படி ஒரு மரியாதை உண்டு. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போகும்போதும் அங்கே, வாக்காளராகப் பதிந்துகொள்கிறீர்களா என்று வழக்கமாகக் கேட்பார்கள். ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும் என்பதை அவருக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் யாராவது அதைத் தபாலில் சேர்த்துவிட்டால் பதறாதீர்கள், நீங்களாக எந்தக் கடிதமும் எழுதவும் வேண்டாம். குடியேற்றச் சட்டம் மட்டும் பார்க்கும் வக்கீல் ஒருவரை அந்த வாரமே பாருங்கள்.

சரி, இப்போது கார்டு.

ரகசியம் எது, பொது எது

‘ஓட்டு ரகசியம்’ என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அது இங்கேயும் உண்மைதான், ஆனால் ரகசியமாக இருப்பது நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பது. போட்டீர்களா இல்லையா என்பது பொதுப் பதிவு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் அரசியல், ஆய்வு, செய்தி போன்ற காரியங்களுக்கு மட்டும் கொடுப்பார்கள். வர்ஜீனியாவில் யார் வாங்கலாம் என்பதற்கே வரம்பு உண்டு. உங்கள் நார்த் கரோலினா இந்த விஷயத்தில் கதவைத் திறந்தே போட்டிருக்கும் மாநிலம். மாநிலத் தேர்தல் வாரியத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும், காசு கொடுக்காமல், மொத்த வாக்காளர் கோப்பையும் இறக்கிக்கொள்ளலாம். பெயர், முகவரி, வயது, பாலினம், நீங்கள் குறித்திருந்தால் இனம், கொடுத்திருந்தால் தொலைபேசி எண், கட்சிப் பதிவு, எந்தெந்தத் தேர்தலில் எந்த முறையில் ஓட்டுப் போட்டீர்கள், எல்லாம் அதில் உண்டு. சமூகப் பாதுகாப்பு எண், முழுப் பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண் இவை கிடையாது.

நீங்களே அந்தத் தளத்தில் உங்கள் பெயரைத் தட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. அப்புறம் தோழியின் பெயரையும் தட்டத் தோன்றும். தோன்றினால் தட்டுங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

இதில் ஒரு சந்து இருக்கிறது, உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அங்கேதான். நீங்கள் எந்தக் கட்சியிலும் சேராத வாக்காளராகப் பதிந்திருப்பதாகவும், 2024 மார்ச் முதல்நிலைத் தேர்தலில் (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) ஒரு கட்சியின் ஓட்டுச்சீட்டை வாங்கிப் போட்டதாகவும், கணவர் வீட்டில் எல்லாரும் எதிர்க்கட்சி ஆதரவாளர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். (2022-இலிருந்து நார்த் கரோலினாவில் எண்ணிக்கையில் முதலிடம் இந்தக் கட்சி சாராதவர்களுக்குத்தான், அதனால் இது நிறையப் பேரின் பிரச்சினை.) நவம்பர் தேர்தலில் யாருக்குப் போட்டீர்கள் என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆனால் முதல்நிலைத் தேர்தலில் எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கினீர்கள் என்பது பதிவாகும், அது பொதுவிலும் இருக்கும். அந்தச் சீட்டில் எந்த வேட்பாளரைக் குறித்தீர்கள் என்பது தெரியாது. மாமியார் வீட்டில் யாரும் அந்தக் கோப்பை இறக்கி உங்கள் வரியைத் தேடப் போவதில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் ‘தெரியவே தெரியாது’ என்று உங்களுக்கு எழுதினால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

இதையெல்லாம் அந்நியமான அராஜகம் என்று நினைக்கத் தோன்றும். திருச்சியில் உங்கள் அம்மா வீட்டுத் தெருவை நினைத்துப் பாருங்கள். பூத் ஏஜெண்ட் கையில் பட்டியல், ஒவ்வொரு பெயரிலும் பேனாக் கோடு. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் யார் வீட்டில் எத்தனை ஓட்டு பாக்கி என்று கட்சிக்காரருக்கு மனப்பாடம். “அக்கா, இன்னும் வரலியே, ஆட்டோ அனுப்பட்டுமா?” விரலில் வைக்கும் மையைவிடப் பகிரங்கமான பதிவு வேறு என்ன இருக்கிறது? ஒரே வித்தியாசம், அந்த மை சில வாரத்தில் நகத்தோடு வளர்ந்து வெட்டுப்பட்டுப் போய்விடும். இங்கே 2022 எத்தனை வருஷமானாலும் அப்படியே நிற்கும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்

பலன் இருக்கிறது, அதனால்தான். 2006 ஆகஸ்டில் மிச்சிகன் மாநில முதல்நிலைத் தேர்தலுக்கு முன் ஒரு பரிசோதனை நடந்தது. மார்க் கிரெப்னர் என்ற உள்ளூர் அரசியல் ஆலோசகரின் யோசனை. ஆலன் கெர்பர், டொனால்டு கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் என்ற மூன்று அரசியல் ஆய்வாளர்கள் அதை முறையாக நடத்தி 2008-இல் வெளியிட்டார்கள். சுமார் 1,80,000 வீடுகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. எதுவுமே அனுப்பாத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். ‘வாக்களிப்பது கடமை’ என்று எழுதி அனுப்பியதில் 31.5. அந்த வீட்டாரின் சொந்தப் பதிவை மட்டும் அச்சடித்து அனுப்பியதில் 34.5. அக்கம்பக்கத்தாரின் பதிவையும் சேர்த்து, தேர்தலுக்குப் பிறகு புதுப் பட்டியல் வரும் என்று சொன்னதில் 37.8. உங்களுக்கு வந்த கார்டின் கடைசி வரி அந்த 2006 கடிதத்தின் நேர் வாரிசு.

ஒரே ஒரு தபாலுக்கு எட்டு சதவீதப் புள்ளி என்பது தேர்தல் வேலை செய்பவர்களுக்குக் கனவு மாதிரி. அதன் பிறகு விடுவார்களா? இரண்டு கட்சிக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். 2014-இல் நியூயார்க் மாநில ஜனநாயகக் கட்சிக் குழு அனுப்பிய கடிதத்தில், யாருக்கு ஓட்டு என்பது உங்கள் ரகசியம், போட்டீர்களா என்பது பொதுப் பதிவு, போடாவிட்டால் ஏன் என்று கேட்க ஆவலாக இருப்போம் என்கிற தோரணை. 2016 ஜனவரியில் அயோவாவில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட டெட் குரூஸின் பிரச்சாரம் இன்னும் ஒரு படி போனது. ‘வாக்களிப்பு விதிமீறல்’ என்று தலைப்பே போட்டு, பெறுநருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் மதிப்பெண், தரவரிசை. எத்தனை முறை வாக்களித்தார் என்பதை வைத்து விதிமீறல் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அந்த மாநிலத்தின் தேர்தல் பொறுப்பில் இருந்த செயலர் பால் பேட், குரூஸின் அதே கட்சிக்காரர், வெளிப்படையாகக் கண்டித்தார். குரூஸ் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

எனக்கும் ஒருமுறை வந்தது. என் பங்கேற்பு ‘சராசரி’ என்று மார்க் போட்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் ஞாபகம்தான் வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

கார்டு எந்த அளவு மிரட்டினாலும் அமெரிக்காவில் ஓட்டுப் போடாததற்கு அபராதம் கிடையாது. ஆஸ்திரேலியாவிலோ சிங்கப்பூரிலோ உறவினர்கள் இருந்தால் அங்கே கட்டாயம் என்று சொல்லியிருப்பார்கள். அந்த விதி இங்கே இல்லை. உங்கள் அண்ணனுக்கான மனுவில் உங்கள் குடியுரிமை, உறவு, அப்புறம் நேரம் வரும்போது வருமானம் பார்ப்பார்கள். 2022-இல் ஓட்டுப் போட்டீர்களா என்பதற்கு அங்கே வேலையே இல்லை. அந்தக் கவலையை இன்றோடு விடுங்கள்.

சட்டம் எங்கே வரும், எங்கே வராது

உங்கள் கணவருக்கு: வழக்குப் போடலாம், தோற்கலாம். பொதுப் பதிவில் இருக்கும் உண்மையான தகவலை வெளியிட்டதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது என்பது 1975-இல் காக்ஸ் பிராட்காஸ்டிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி. அவதூறு என்றால் பொய் இருக்க வேண்டும். அவர்கள் எழுதியது உண்மை. சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் இந்தக் கதையில் பொய் இருப்பது அந்த ஸ்டிக்கர் படத்தில்தான். (அதுவும் குற்றம் இல்லை. போடாத ஓட்டைப் போட்டதாக வாட்ஸ்அப்பில் சொல்வதைத் தடுக்கும் சட்டம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.)

கோடு தாண்டுவது எப்போது? பயமுறுத்தினால். 1965 வாக்குரிமைச் சட்டத்தின் 11(பி) பிரிவு, வாக்களித்ததற்காகவோ வாக்களிக்க முயன்றதற்காகவோ ஒருவரை மிரட்டவோ நிர்ப்பந்திக்கவோ கூடாது என்கிறது. 2020 ஆகஸ்டில் ஜேக்கப் வோல், ஜாக் பர்க்மன் என்ற இருவர் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குப் பதிவு செய்த தொலைபேசி அழைப்புகளை அனுப்பினார்கள். தபாலில் ஓட்டுப் போட்டால் உங்கள் விவரம் ஒரு பொதுத் தரவுத்தளத்துக்குப் போகும், பழைய வாரண்டுகளுக்குப் போலீஸ் அதைப் பார்க்கும், கடன் வசூலுக்குக் கிரெடிட் கார்டு கம்பெனிகள் பார்க்கும் என்று. 2023 மார்ச்சில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அது சட்டவிரோத மிரட்டல் என்று தீர்ப்பளித்தது. உங்களுக்கு வந்த கார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ‘உன் பதிவு வெளியே தெரியும்’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. அங்கே அடுத்த வாக்கியம் போலீஸ், கடன். இங்கே அடுத்த வாக்கியம் பக்கத்து வீட்டுக்காரர். முன்னதற்குச் சட்டம் வரும். பின்னதற்கு வெட்கம் மட்டும்தான்.

ஆகவே அடுத்த கார்டில் வேலை போகும், விசா போகும், அதிகாரிகளுக்குச் சொல்வோம் என்கிற மாதிரி ஒரு வரி இருந்தாலோ, யாராவது கார்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து சத்தம் போட்டாலோ, கார்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள். தபால்தலை இருக்கும் இடத்தில் அச்சிட்ட அனுமதி எண் இருக்கும், அதுவும் படத்தில் விழட்டும். அதை வைத்து மாநிலத் தேர்தல் வாரியத்தில் புகார் கொடுக்கலாம். யார் அனுப்பியது என்று உங்கள் கார்டில் ஒரு தபால் பெட்டி எண் மட்டும் இருந்தது என்கிறீர்கள். வேட்பாளர் பெயரே சொல்லாமல் ‘ஓட்டுப் போடுங்கள்’ என்று மட்டும் சொல்லும் கார்டில், யார் காசு கொடுத்தது என்று அச்சடிக்கும் கட்டாயம் பல நேரம் வராது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நிலவரம் அதுதான்.

பெயரை எடுத்துவிடலாமா

பதிவை ரத்து செய்தால் ஓட்டும் போகும், பழைய பதிவும் முழுசாக மறையாது. நீதிமன்றத்தில் ஜூரியாக உட்கார வரும் அழைப்பிலிருந்தாவது தப்பலாமே என்று யாரோ சொன்னார்களாம். தப்ப முடியாது. நார்த் கரோலினாவில் ஜூரிப் பட்டியலுக்கு ஓட்டுநர் உரிமப் பட்டியலையும் சேர்த்துத்தான் எடுக்கிறார்கள்.

முகவரியை மட்டும் மறைக்க வழி உண்டு, ஆனால் அது உயிருக்கு ஆபத்து இருப்பவர்களுக்கு: குடும்ப வன்முறைக்காக நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள், மாநிலத்தின் முகவரி ரகசியத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் போன்றவர்களுக்கு. இதைப் படிப்பவர்களில் அந்த நிலையில் யாராவது இருந்தால், கவுண்டித் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகத்தில் உடனே கேளுங்கள். தோழியின் சிரிப்புக்கு அந்தத் திட்டம் கிடையாது. உங்களால் செய்ய முடிகிற ஒன்று: தொலைபேசி எண் கட்டாயம் இல்லை, பதிவில் இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்லலாம். குறுஞ்செய்தித் தொல்லையாவது குறையும்.

எந்தத் தபாலை மதிக்க வேண்டும்

உங்கள் மேல் எனக்குள்ள ஒரே கவலை, இந்தக் கார்டில் சூடு பட்டுவிட்டு, இனி தேர்தல் என்று எழுதிய எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிடுவீர்களோ என்பது. ஓட்டுப் போடாவிட்டால் ஒன்றுமே ஆகாது என்று மேலே சொன்னதில் ஒரு விலக்கு இருக்கிறது. தொடர்ந்து இரண்டு கூட்டாட்சித் தேர்தல் சுற்றுக்குக் கவுண்டியோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இருந்தால், முகவரியை உறுதி செய்யச் சொல்லி ஒரு கார்டு வரும். 30 நாளில் பதில் போகாவிட்டால் ‘செயலற்ற’ வாக்காளர் ஆவீர்கள். அதற்கப்புறமும் இரண்டு கூட்டாட்சித் தேர்தல் போடாவிட்டால் பெயர் நீங்கும். ஓஹையோவின் இதே மாதிரி ஏற்பாட்டை 2018-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று சரி என்றது. நீங்கள் 2020-இலும் 2024-இலும் போட்டிருப்பதால் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அடையாளம் எளிது. தேர்தல் அதிகாரிகள் அனுப்பும் தபாலில் ‘அதிகாரப்பூர்வத் தேர்தல் தபால்’ என்ற அஞ்சல் துறை முத்திரை இருக்கலாம். அதைத் தேர்தல் அதிகாரிகள் மட்டும்தான் பயன்படுத்த முடியும். அனுப்புநர் இடத்தில் கவுண்டி வாரியத்தின் பெயரும் தெரு முகவரியும் இருக்கும். ஆனால் முத்திரை இல்லாத எல்லாமே குப்பை என்றும் சொல்ல முடியாது. உங்கள் மாநிலத்திலேயே 2024 நவம்பருக்குப் பிறகு என்ன நடந்தது? மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தேர்தலில் ஆலிசன் ரிக்ஸ் 734 ஓட்டில் முன்னிலை. எதிர்த்து நின்ற ஜெஃபர்சன் கிரிஃபின் 60,000-க்கும் மேற்பட்டவர்களின் வாக்குகளை எதிர்த்து முறையிட்டார். உங்கள் ஓட்டு பாதிக்கப்படலாம் என்று ஒரு அஞ்சலட்டை, கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் கட்டத்தோடு, அந்த வாக்காளர்களுக்குப் போனது. பலர் விளம்பரம் என்று தூக்கிப் போட்டார்கள். 2025 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றத் தீர்ப்பு வந்து கிரிஃபின் தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை ஆறு மாதம் அந்த ஓட்டுகள் தொங்கலில் இருந்தன. ஆகவே, கார்டு மார்க் போட்டால் விடுங்கள். கார்டு உங்களிடம் ஏதாவது செய்யச் சொன்னால், அதில் இருக்கும் எண்ணுக்குப் பேசாமல், கவுண்டி அலுவலக எண்ணை நீங்களாகத் தேடிக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று எழுதியிருக்கிறீர்கள், திருச்சி வீட்டுக்கு இன்னும் உங்கள் பெயரில் பூத் சிலிப் வருகிறது என்று, கொஞ்சம் பெருமையாகவே. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விட்டது, வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டைக்கு ஓட்டு கிடையாது. படிவம் 7 கொடுத்து அங்கே பெயரை எடுக்கச் சொல்லுங்கள்.

தோழிக்கு என்ன சொல்வது

இது சட்டக் கேள்வி இல்லை, ஆனால் கடிதத்தில் உண்மையாக வலிப்பது இதுதான் என்று படுகிறது. அவர் வேண்டுமென்றே தேடிப் பார்த்தாரா என்று கேட்கிறீர்கள். தேட வேண்டிய அவசியமே இல்லை, கார்டு அவர் பெட்டியிலும் விழுந்திருக்கிறது. 2018-லேயே வோட்வித்மீ என்று ஒரு செயலி வந்தது. உங்கள் கைப்பேசியில் இருக்கும் தொடர்புகளை வாக்காளர் கோப்போடு பொருத்தி, யார் எப்போது போட்டார்கள் என்று வரிசையாகக் காட்டிவிடும். அந்த வசதிக்கு முன்னால் உங்கள் தோழி பாவம்.

அவரிடம் விளக்கம் கொடுக்க நீங்கள் கடமைப்படவில்லை. ஆனால் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அவர் இன்னும் கார்டுதான் தப்பு என்று வக்கீல் தேடிக்கொண்டிருக்கிறார். “அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க, போட முடியல, சங்கத்துல மேசை போட்டுட்டு இதைச் சொல்ல வாய் வரல” என்று சொன்னால் போதும். இரண்டு வருஷம் கழித்து இதற்காகச் சண்டை போடுகிறவராக உங்கள் கடிதத்தில் அவர் தெரியவில்லை.

திருச்சிக்கு இனியும் போக வேண்டியிருக்கும், அம்மாவின் நிலை அப்படி என்கிறீர்கள். நார்த் கரோலினாவில் காரணம் எதுவும் சொல்லாமலே தபால் ஓட்டுக் கேட்கலாம். நாட்டுக்கு வெளியே இருக்கும் குடிமக்களுக்கு ஃபெடரல் போஸ்ட் கார்டு அப்ளிகேஷன் என்று தனி விண்ணப்பமும் உண்டு. தேர்தல் வருஷத்தில் இலையுதிர் காலத்துக்கு டிக்கெட் போடுவதாக இருந்தால், கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே கவுண்டி அலுவலகத்தைக் கூப்பிட்டு, இத்தனை வாரம் இந்தியாவில் இருப்பேன், எந்த வழி எனக்குப் பொருந்தும் என்று கேளுங்கள். திருச்சியிலிருந்து தபால் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.